ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப்பல்

காரைக்குடியில் மருந்துக் கடை வைத்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே வகை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடிவருகிறவர்கள், இல்லையென்றால் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு வாயைச் சரியாகத் திறக்காமலே "பல்லு வலிக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே" என்கிறவர்கள். பல் வலி ராத்திரியில் கூடுவதற்குக் காரணம் உண்டு. படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடும். பல்லுக்குள் நரம்பு இருக்கும் சின்ன அறையைச் சுற்றிக் கெட்டியான சுவர், வீங்குவதற்கு அங்கே இடமே இல்லை, அதனால் அழுத்தம் முழுக்க நரம்பின் மேல் விழுகிறது. மாத்திரை கொடுக்கிறேன், நாளைக்கே டாக்டரைப் பாருங்கள் என்றும் சொல்லி அனுப்புகிறேன். விடிந்தால் வலி குறைந்திருக்கும், போகமாட்டார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள், அதே கன்னம்.

எந்தப் பல் என்று கேட்டால் விரல் அநேகமாக ஒரே இடத்துக்குத்தான் போகும். கீழ்த்தாடையில், நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஆறாவது பல். அது வாய்க்குள் வருவதும் ஆறு வயதை ஒட்டித்தான். பால் பல் 20, நிலைப்பல் 32, பால் பல் விழுந்த இடத்தில் புதுப்பல் முளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆறாவது பல்லுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களின் வரிசைக்குப் பின்னால் காலியாக இருக்கும் ஈற்றைக் கிழித்துக்கொண்டு அது பாட்டுக்கு வந்துவிடும். முன்பல் ஆடினால் வீடே பார்க்கும், விழுந்ததைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிகிற பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கடைவாயில் ஒன்று புதிதாக வந்திருக்கிறது என்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. இந்தக் கட்டுரையில் அந்த ஒரு பல்லைப் பிடித்துக்கொண்டுதான் போகப்போகிறேன். பல் மருத்துவத்தில் இருக்கிற வைத்தியம் பெரும்பாலும் அதன் வாழ்க்கையில் எங்கேயாவது ஒரு கட்டத்தில் வந்துவிடும்.

போன தை மாதம் கொத்தமங்கலத்தில் ஒரு கல்யாணம். வளவில் தூணுக்குத் தூண் ஓடி விளையாடிக்கொண்டிருந்த அக்கா மகன், எட்டு வயது, விழுந்த முன்பல்லைக் காட்டுவதற்காக என்னிடம் வந்து வாயைப் பிளந்தான். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். முன்னால் ஓட்டை அழகாக இருந்தது. பின்னால், கீழே இரண்டு பக்கமும் புதுக் கடைவாய்ப்பல், அதன் மேல்பக்கத்துப் பள்ளங்களில் பென்சிலால் கோடு இழுத்தது போல் கறுப்பு. ஒரு இடத்தில் கோடு புள்ளியாகத் தடித்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினால், "பால் பல்லுதானே தம்பி, விழுந்துரும்" என்றாள். "இல்லக்கா, இது அவன் எழுபது வயசு வரைக்கும் வச்சுக்க வேண்டிய பல்லு" என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

கடைவாய்ப்பல்லின் மேல்பரப்பு சமதளமாக இருக்காது. மேடும் பள்ளமுமாக இருக்கும், சில பள்ளங்கள் பிரஷ்ஷின் ஒரு நார் கூட நுழைய முடியாத அளவுக்குக் குறுகல். பல் வெளியே வந்த முதல் சில வருஷம் பல்லின் மேலோடான எனாமலும் முழுசாக முற்றியிருக்காது. அந்தச் சமயத்தில் பல் மருத்துவர்கள் பள்ளங்களின் மேல் ஒரு மெல்லிய பிசின் பூசி, ஒளி காட்டி இறுகவைத்து மூடிவிடுவார்கள். சீலன்ட் என்று பெயர். ஊசி கிடையாது, பல்லைக் குடைவதும் கிடையாது, சில நிமிஷ வேலை. ஆறு ஏழு வயதில் ஒரு தடவை, அப்புறம் 12 வயதையொட்டி அடுத்த கடைவாய்ப்பல் வரும்போது ஒரு தடவை. எனக்குத் தெரிந்து பல் வைத்தியத்தில் இவ்வளவு சுலபமான, இவ்வளவு காலத்துக்குப் பலன் தருகிற வேலை வேறு இல்லை, கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களைத்தான் காணோம். அக்கா மகனுக்கு இரண்டு பல்லில் சீலன்ட் போட்டார்கள், புள்ளி தடித்திருந்த ஒன்றில் கொஞ்சம் சுரண்டி ஃபில்லிங் வைத்தார்கள். வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்டான்.

பால் பல் விழப்போகிறதுதானே என்று விடுவதிலும் நஷ்டம் இருக்கிறது. பின்னால் வரப்போகும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அதுதான். கடைவாய்ப் பால் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. ஏழு வயதிலேயே சொத்தையாகி எடுக்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், புதுப்பல் வர வழியில்லாமல் கோணிக்கொண்டு முளைக்கும். இரண்டு வயசுக் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நாலும் ஒன்றாகக் கரைந்து போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு, கழுவிவிட ஆள் இல்லை, சர்க்கரை கலந்த பால் விடிய விடிய பல்லிலேயே நிற்கிறது. முதல் பல் முளைத்த அன்றிலிருந்தே துலக்க ஆரம்பிக்கலாம். மூன்று வயது வரை பேஸ்ட் ஒரு அரிசி அளவு, அதற்கப்புறம் ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் பிதுக்கிக் காட்டுகிறார்களே, அவ்வளவு பெரியவர்களுக்கே தேவையில்லை. ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிடவேண்டும், கை அதற்கு முன்னால் அவ்வளவாக வளையாது.

பேஸ்ட்டில் ஃப்ளூரைடு இருக்கவேண்டும். கடையில் இதற்குத்தான் என்னிடம் நிறையப் பேர் சண்டைக்கு வருகிறார்கள், ஃப்ளூரைடு விஷம் என்று போனில் படித்துவிட்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பற்களில் காவிப்பட்டை விழுந்திருப்பது நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகமாக இருந்து, பல் உருவாகும் வயதில் தினமும் குடித்ததால் வந்தது. 1000 முதல் 1450 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டைத் துலக்கித் துப்புவது வேறு விஷயம். கரைய ஆரம்பித்த எனாமலில் மறுபடி உப்புச் சத்து படிவதற்கு அது உதவுகிறது. துலக்கியதும் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் நுரையை மட்டும் துப்பிவிட்டு விட்டால் பலன் அதிகம். ராத்திரிப் படுக்கும் முன் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம், மென்மையான பிரஷ். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் ராத்திரியை விடாதீர்கள்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றுதானே சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்பார்கள். சரிதான், குச்சியை மென்று நார் நாராக்கிப் பொறுமையாகத் தேய்த்தால் பல் சுத்தமாகத்தான் செய்யும், கால் மணி நேரம் அதற்கென்றே உட்கார்ந்தவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். அவர்களுக்கு நாள் முழுக்கச் சீனி போட்ட டீயும் பிஸ்கட்டும் கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். செங்கல் பொடி, கரி, சாம்பல், உப்பு வைத்துத் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். எனாமல் உடம்பிலேயே கெட்டியான பொருள், ஆனால் தேய்ந்துபோனால் திரும்ப வளராது, உயிரணுவே அதில் கிடையாது. ஈறோரம் பல்லின் கழுத்தில் அரிவாள் வெட்டு போலப் பள்ளம் விழுந்து கூசுகிற பெரியவர்கள் பலர் வருஷக்கணக்காக இப்படித் தேய்த்தவர்கள்தான்.

சொத்தை எப்படி விழுகிறது என்பதைப் பலகார டின்னை வைத்துச் சொன்னால் எங்கள் ஊரில் சட்டென்று புரியும். கல்யாணம் முடிந்த வீட்டில் மணகோலமும் அதிரசமும் மாவுருண்டையும் டின் டின்னாக இருக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. வாயில் இருக்கும் பாக்டீரியா சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகிறது. அமிலம் கூடக் கூட பிஹெச் என்ற அளவு இறங்கும், அது 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தை ஆற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி நேரமாவது எடுக்கும். ஆறு அதிரசத்தை ஒரே உட்காரலில் சாப்பிட்டால் பல்லுக்கு ஒரு தாக்குதல். அதே ஆறை மணிக்கு ஒன்றாகக் கடித்தால் ஆறு தாக்குதல், நடுவில் எச்சிலுக்குத் தன் வேலையை முடிக்க நேரம் குறைவு. வெல்லப் பாகு போட்ட பலகாரம் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு இன்னும் அதிக நேரம் நிற்கும். அதனால் பிள்ளைகளுக்குப் பலகாரமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், ஆடிக் கும்மாயம் இல்லாமல் ஆடியா? சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், டின்னை எட்டாத இடத்தில் வையுங்கள். நாலு மணிக்கு ஒரு டீ, ஐந்து மணிக்கு ஒரு டீ என்று கடையில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் எங்களுக்கும் இதே கணக்குத்தான்.

இந்த அமிலம் எனாமலில் ஒரு சின்ன வழி பண்ணி உள்ளே இறங்கியதும் கதை மாறுகிறது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அதைவிட மெத்து. பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் மேலே ஒரே ஒரு ஓடு விலகியிருக்கும், தெருவிலிருந்து பார்த்தால் வீடு அப்படியே இருக்கிறது என்று தோன்றும். நாலு மழைக்காலம் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே பர்மா தேக்கு உத்தரம் உளுத்துப்போய்க் கையோடு வரும். சொத்தையும் அப்படித்தான், வெளியே ஊசிமுனைப் புள்ளி, உள்ளே குடம் மாதிரி அகலம். எனாமலில் நரம்பு இல்லாததால் இவ்வளவு நடக்கும்வரை வலியே தெரியாது. டென்டின் திறந்ததும் ஐஸ் தண்ணீருக்குச் சுருக்கென்று கூசும், இனிப்புக்குக் கூசும், ஒரு நொடியில் அடங்கிவிடும். இந்தக் கட்டத்தில் போனால் சொத்தையைச் சுரண்டி அடைத்துவிடுவதோடு முடிந்தது. பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட், ஃப்ளூரைடு கசியும் கண்ணாடி அயனோமர் சிமென்ட், பழைய வெள்ளி நிற அமால்கம் என்று அடைப்பதற்குப் பொருள் பல உண்டு. பாதரசம் கலந்தது என்பதால் அமால்கத்தைப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இப்போது தவிர்க்கிறார்கள்.

கூச்சம் ஒரு நொடியில் அடங்காமல் நிமிஷக்கணக்கில் நின்றால், சூடாக ஒரு வாய் காபி குடித்ததும் வலி தெறித்தால், ராத்திரி எழுப்பிவிட்டால், நரம்பறைக்குள் வீக்கம் போய்விட்டது என்று அர்த்தம். அப்போதுதான் என் கடைக்கு வருகிறார்கள். சில நாள் துடித்துவிட்டு வலி தானாக நின்றும் போகும், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் செத்துவிட்டதால் நின்ற வலி அது. கிருமி வேர் நுனி வழியே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும், ஒரு நாள் ஈற்றில் சீழ்க் கொப்புளமாகவோ கன்னம் முழுக்க வீக்கமாகவோ வெளியே தெரியும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். "போன தடவை குடுத்த அந்த ஆன்டிபயாட்டிக்கையே குடுங்க" என்று கேட்பவர்களிடம் நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போகவேண்டும், செத்த நரம்பறைக்கு ரத்தமே போவதில்லை, பிறகு மருந்து எப்படிப் போகும்? சுற்றியிருக்கும் வீக்கம் சற்று வடியும், மூலம் அப்படியே இருக்கும். வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ எச்சிலை விழுங்கவோ சிரமமாக இருந்தாலோ, தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் வீங்கினாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், மூச்சுப் பாதையையே அடைக்கக்கூடிய வீக்கம் அது.

ரூட் கேனால் என்றாலே பயப்படுகிறோம். நடப்பது இவ்வளவுதான்: மரத்துப்போக ஊசி போட்டு, பல்லின் மேல்பக்கம் ஒரு சின்னத் துளை போட்டு, கெட்டுப்போன பற்கூழை, அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த உள்சதையை எடுத்து, வேர்களுக்குள் ஓடும் கால்வாய்களை முடி போன்ற மெல்லிய கம்பிகளால் அராவி, மருந்து விட்டுக் கழுவி, காய்ந்ததும் இறுக அடைத்துவிடுவது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய், நம்முடைய ஆறாவது பல்லுக்கு மூன்று அல்லது நான்கு, அதனால்தான் நேரம் அதிகம் பிடிக்கிறது. கால்வாயை அடைக்கும் பொருளுக்குப் பெயர் கட்டா பெர்ச்சா. மலாயாக் காட்டு மரத்தின் பால் அது, ரப்பரின் நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டபோது மேலே சுற்றியதும் இதைத்தான். நம் ஊர்ப் பெரியவர்கள் கப்பலேறி மலாயாவுக்கு வட்டித் தொழில் செய்யப் போனதற்கும் இந்தப் பாலுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் அந்த மண்ணில் இருந்து வந்த ஒன்று இன்றைக்கும் காரைக்குடிக்காரர்களின் பல் வேருக்குள் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

இன்னொரு பொருளும் நமக்குப் பழக்கமானது. சொத்தை நரம்பறைக்கு மிக அருகில் போய், ஆனால் இன்னும் உள்ளே போகாமல் இருந்தால் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடுவார்கள். நீற்றிய சுண்ணாம்புதான் அது, வேதியியல்படி வெற்றிலைக்குத் தடவுவதும் அதே பொருள். கிருமியைக் கொல்லும், அடியில் புது டென்டின் உருவாகத் தூண்டும். பல் வைத்தியத்தில் இதை 1920இல் கொண்டுவந்தார்கள். இதைச் சொன்னதும் யாராவது சொத்தைக்குள் சுண்ணாம்பை அப்பிக்கொள்வீர்களோ என்றுதான் பயமாக இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். கடுமையான காரம், ஈறும் கன்னமும் வெந்துவிடும். கிராம்புத் தைலமும் இதே ரகம். கிராம்பில் இருக்கும் யூஜினால் வலியை மரக்கச் செய்வது உண்மை, பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அடிக்கிற வாசனையில் பாதி அதுதான். ஒரு கிராம்பை மெதுவாகக் கடித்து வைத்துக்கொண்டு ஒரு ராத்திரியைத் தள்ளலாம். தைலத்தைப் பாட்டிலோடு கவிழ்த்தால் ஈறு வெள்ளையாக உரிந்து வரும். வலி மாத்திரையைப் பொடித்து ஈற்றில் வைப்பதும் அப்படியே புண்ணாக்கும்.

ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கு மேலே மாட்டும் உறையான கேப் போடாமல் விடுவது ரொம்பப் பேர் செய்கிற தப்பு. வலி நின்றதும் கேப் எதற்கு, அதற்கு வேறு காசா என்று விட்டுவிடுகிறார்கள். நடுவில் குடைந்து எடுத்த பல், சுவர்தான் மிச்சம். மெல்லும்போது விழும் பாரத்தில் ஒரு நாள் சீடையைக் கடித்ததும் நெட்டுக்குப் பிளக்கும், வேர் வரை பிளந்துவிட்டால் எடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. உலோகக் கேப், உலோகத்தின் மேல் பீங்கான், முழு சிர்கோனியா என்று விலைக்குத் தகுந்தபடி இருக்கிறது. கடைவாயில் யாரும் பார்க்கப் போவதில்லை, சாதாரண உலோகக் கேப் உழைப்பதில் ஒன்றும் குறைந்தது இல்லை என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை சொன்னது சொத்தை வழியாகப் பல் போவது. ஒரு சொத்தை கூட இல்லாமல் நல்ல பல்லாகவே ஆடி விழுவது இன்னொரு வழி, நாற்பது வயதுக்கு மேல் அதுதான் பெரிய எதிரி. ஈறோரம் படியும் அழுக்கு எச்சிலில் உள்ள உப்போடு சேர்ந்து இறுகிக் காரையாகிவிடும். சுவர்க் காரை தெரிந்த ஊர் நம்முடையது, முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் நூறு வருஷம் நிற்பது போலப் பற்காரையும் பிரஷ்ஷுக்கெல்லாம் அசையாது. அதன் அடியில் கிருமி குடியிருக்கும், ஈறு சிவந்து துலக்கும்போது ரத்தம் வரும். அப்போதும் வலிக்காது! ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவார்கள், இன்னும் படியும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டே போகும்.

கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்ற பயம் எங்கள் பக்கம் வேரோடிப் போயிருக்கிறது. அனுபவம் என்னவோ உண்மைதான், விளக்கம்தான் தப்பு. எலும்பு கரைந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது, பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பூசிப் பிடித்தும் வைத்திருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது, மூடியிருந்த வேர் கொஞ்ச நாள் கூசுகிறது. எடுக்காமல் விட்டிருந்தால் இரண்டு மூன்று வருஷத்தில் காரையோடு பல்லும் கையில் வந்திருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈற்றில் அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வராமல் அடம்பிடிக்கும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். மாத்திரையின் அளவை ஏற்றிக்கொண்டே வாங்கிப் போகிற சில பெரியவர்களிடம் "கடைசியா எப்ப பல்லக் காட்டுனீங்க ஐயா" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கர்ப்பமாக இருக்கும் பெண்களுக்கும் ஈறு வீங்கி ரத்தம் வரும், பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளவேண்டாம், நாலாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை வைத்தியத்துக்கு வசதியான காலம், வலி வந்துவிட்டால் எந்த மாதமும் காட்டலாம்.

வெற்றிலைச் செல்லம் பற்றிச் சொல்லாமல் செட்டிநாட்டில் வாயைப் பற்றி எழுத முடியாது. தாம்பூலம் இல்லாத விசேஷம் இங்கே கிடையாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தினமும் அடக்கிவைத்து மெல்லுகிற பாக்கு வேறு. புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. வருஷக்கணக்கில் மென்றால் கன்னத்தின் உட்புறம் நார் பாய்ந்து இறுகும். காரம் பட்டால் எரியும், அப்புறம் வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். மூன்று விரலை நெட்டுக்கு அடுக்கி உள்ளே விட முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் அன்றைக்கே காட்டவேண்டும். துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இந்த மூன்றுக்கும் வலி இருக்கவேண்டும் என்று அவசியமே இல்லை. மாதம் ஒரு தடவை கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துக் கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரண்டு ஓரம், நாக்குக்கு அடி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது ஒரு நிமிஷ வேலை.

திடீரென்று அடிபட்டுப் பல் விழுவது தனிக்கதை. சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்த சாயங்காலம் வாயில் துண்டை வைத்துக்கொண்டு வரும் பையன்களைப் பார்க்கிறேன், பைக்கில் விழுந்தவர்கள் வருஷம் முழுக்க வருகிறார்கள். விழுந்த பல் எங்கே என்று கேட்டால் "அங்கயே கெடக்கும்ணே" என்பார்கள். வேரோடு முழுசாக வந்த நிலைப்பல்லைத் திரும்ப அதே குழியில் நடலாம், ஒட்டிக்கொள்ளும், அரை மணி நேரத்துக்குள் போனால் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடுக்கவேண்டும். மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு தடவை அலசலாம், தேய்க்கவோ துணியால் துடைக்கவோ கூடாது, வேரின் மேல் இருக்கும் உயிருள்ள சவ்வுதான் மறுபடி ஒட்டவேண்டும். உடனே குழியில் வைத்துத் துணியைக் கடித்துக்கொண்டு வரலாம், பயமாக இருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துவரலாம். பேப்பரில் மடித்துக் காயவிட்டால் அவ்வளவுதான். பால் பல் விழுந்தால் மட்டும் திரும்ப நடக்கூடாது, உள்ளே இருக்கும் புதுப்பல்லுக்குச் சேதம்.

கம்பி போடுவதைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். ஏழு வயதில் ஒரு தடவை காட்டிவிட்டு, பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதினொன்று பதின்மூன்று வயதில் ஆரம்பிப்பார்கள், பெரியவர்களும் போட்டுக்கொள்ளலாம். ஞானப் பல் இடமில்லாமல் படுத்துக்கொண்டு அடிக்கடி வீங்கினால் எடுத்துவிடுவது நல்லது, தொந்தரவு இல்லாமல் நேராக இருந்தால் விட்டுவிடலாம்.

சரி, நம் ஆறாவது பல்லுக்கு வருவோம். காப்பாற்ற முடியாத நிலைக்குப் போய்விட்டது, எடுத்தாகவேண்டும். மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்ற பயத்தில் அழுகின பல்லோடு வருஷக்கணக்கில் இருக்கும் ஆச்சிமார் உண்டு. பல்லுக்கு வரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு, இரண்டுக்கும் தொடர்பில்லை. வயதான காலத்தில் பல் எடுத்தவருக்கு அதே வருஷம் புரை விழுந்திருக்கும், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். எடுக்கும் முன் டாக்டரிடம் சொல்லவேண்டியவை முக்கியம்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, சர்க்கரை எவ்வளவு, இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறதா, எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிட்டுப் போகவேண்டாம், அதைச் சொல்லவேண்டியவர் இதய மருத்துவர். வெறும் வயிற்றோடும் போகவேண்டாம். எடுத்த பிறகு பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடியுங்கள், அன்றைக்கு முழுக்கத் துப்பாதீர்கள், கொப்பளிக்காதீர்கள், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், பீடி சிகரெட் தொடாதீர்கள். குழியில் உறையும் ரத்தக்கட்டிதான் மேல்மூடி. அது பிடுங்கிக்கொண்டு வந்தால் மூன்றாம் நாள் காது வரை தெறிக்கும் வலி வரும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும், எலும்பும் மெலியும். பல் கட்டுவதற்கு மூன்று வழி. பக்கத்தில் இருக்கும் இரண்டு பல்லைச் சீவிக் கேப் மாட்டி நடுவில் ஒன்றைத் தொங்கவிடும் பாலம், டைட்டேனியம் திருகாணியை எலும்பில் இறக்கி அதன் மேல் பல் வைக்கும் இம்ப்ளான்ட், கழற்றி மாட்டும் செட். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கல்யாணத்துக்கோ கும்பாபிஷேகத்துக்கோ ஐந்து நாள் லீவில் வருகிற பிள்ளைகள், அதற்குள் அப்பாவுக்கு எல்லாப் பல்லும் கட்டிவிடவேண்டும் என்று கேட்கிறார்கள், பாசம்தான். ஐந்து நாளில் கிளீனிங், ஃபில்லிங், ஒரு ரூட் கேனால், கேப்புக்கு அளவு எடுப்பது முடியும். இம்ப்ளான்ட்டில் டைட்டேனியத்தோடு எலும்பு வளர்ந்து பிணைய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். முதல் மனிதருக்கு 1965இல் ஸ்வீடனில் பொருத்தியதிலிருந்து பொருளும் முறையும் எவ்வளவோ மாறிவிட்டன, எலும்பு வளரும் வேகம் மாறவில்லை. அதனால் இந்த லீவில் ஆரம்பித்து அடுத்த லீவில் முடிப்பது போலத் திட்டம் போடுங்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒன்று, 2023இல் புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள், காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

எங்கள் அப்பத்தாவுக்கு எழுபத்தெட்டு வயதில் பல்செட் வைத்தோம். அதுவரை வெற்றிலையை இரும்பு உரலில் இடித்துப் போட்டுக்கொண்டிருந்தவர், சோற்றையும் குழைத்துத்தான். முதல் வாரம் "வாய்க்குள்ள செருப்பு போட்ட மாதிரி இருக்குடா" என்று கழற்றிக் கழற்றி வைத்தார். கீழ்ச் செட் எல்லோருக்குமே கொஞ்சம் ஆடும், நாக்கும் கன்னமும் அதைப் பிடித்துக்கொள்ளப் பழகவேண்டும். டாக்டர் சொன்னபடி தினமும் பேப்பரைச் சத்தமாக வாசிக்க வைத்தேன், ஒரு பக்கமாக மெல்லாமல் சின்னச் சின்னத் துண்டாக இரண்டு பக்கமும் வைத்து மெல்லச் சொன்னேன். உரசிப் புண்ணான இடத்தை இரண்டு தடவை போய்த் தேய்த்து வாங்கிவந்தோம், வீட்டில் அரம் வைத்துத் தேய்த்தால் செட் போய்விடும். ராத்திரி கழற்றி, சோப்பு நுரையில் பிரஷ்ஷால் கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வைக்கவேண்டும், கொதிக்கிற தண்ணீர் பட்டால் நெளிந்துவிடும். வெறும் ஈற்றையும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் படுக்கவேண்டும்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நான் கடையை அடைத்துவிட்டுப் போனபோது அப்பத்தா முற்றத்துப் படியில் உட்கார்ந்து வெள்ளைப் பணியாரத்தை வரமிளகாய்ச் சட்னியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார், பிய்த்துப் பாலில் ஊறவைக்காமல், ஓரத்து முறுவலோடு. பக்கத்தில் அக்கா மகன். அவன் பல்லைக் காட்டச் சொல்லி டார்ச்சை அடித்து, "எந்தப் பல்லுடா மாமா சொன்னது, இதா, இதா" என்று எண்ணிக்கொண்டிருந்தார்.